மடியில் கனம்

மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்று சொல்லிவைத்தவர்கள் எந்த வழியால் போய்வந்தவர்களோ, மட்டக்களப்புப் பக்கத்து ஆரையம்பதியிலிருந்து வெளிநாடு புறப்படுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பழமொழி எனக்கு இடறுகிறது. சிதம்பரத்தையும் பழனியையும் ஒருதரம் கண்ணால் கண்டுவிட வேண்டுமென்று சீட்டுக் கட்டிக் காசு சேர்க்கிற வயதான பெண்கள், மதுரைக்குக் கண்காட்டப் போகிறவர்கள், வேலூருக்கு வைத்தியத்துக்குப் போகிறவர்கள், குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போகிற தாய்மார். இவர்களில் யாருடைய மடியிலும் கனம் என்று சொல்ல ஒன்றுமில்லை. பயம் மட்டும் வீட்டுப் படலையைத் தாண்டும்போதே கூட ஏறிக்கொள்கிறது. மடி கனத்தவர் அப்படியில்லை. பேர்ஸ் தொலைந்தால் வங்கிக்கு ஒரு போன், அறை சரியில்லையென்றால் வேறு அறை, காய்ச்சல் வந்தால் காப்புறுதி. களவு போனாலும் தாங்கிக்கொள்ளக் கூடிய காசு அவரிடம் இருக்கிறது. குறைந்த காசோடு போகிறவருக்கு ஒருதரம் தொலைந்தால் அந்தப் பயணமே தொலைந்தது. இதற்குள் என்னைக் கரைச்சல்படுத்துவது வேறொன்று. புறப்படுகிற வீட்டில் கூடியிருந்து சொல்லப்படும் புத்திமதிகளில் பத்துக்கு ஒன்பது காசைப் பற்றியவை. எங்கே வைப்பது, யாருக்குச் சொல்லாமலிருப்பது, எதற்கெல்லாம் செலவழிக்காமலிருப்பது. போகிற ஆளின் உடம்பு எங்கே படுக்கும், எத்தனை மணிக்கு எந்தத் தெருவில் நடக்கும் என்று அநேகமாக ஒருவரும் கேட்பதில்லை. காசு பத்திரமாக இருந்தால் ஆள் தானாகத் திரும்பி வந்துவிடும் என்று எப்படி நம்பிக்கொண்டோம்?

பெரியம்மா இந்தியாவுக்குப் போகும்போதெல்லாம் உள்பாவாடையில் ஒரு பை தைத்துக்கொள்வா. பழைய பருத்திச் சேலையின் கரைத்துண்டை இரண்டாக மடித்து, இடுப்புநாடாவுக்கு நாலு விரல் கீழே, வலப்பக்கம், கைத்தையலால் நெருக்கி நெருக்கித் தைத்த பை. மெசின் தையல் ஒரு நூல் அறுந்தால் முழுக்க உருவிக்கொண்டு வரும், கைத்தையல் அறுந்த இடத்தோடு நிற்கும் என்பது அவவின் கணக்கு. வாய்க்கு அழுத்துப் பொத்தான் வைக்கமாட்டா, திறக்கும்போது சத்தம் கேட்குமாம். இரண்டு ஊக்கு, ஒன்று நேராக, ஒன்று குறுக்காக. உள்ளே டொலர்த் தாள்கள் சொப்பிங் பையில் சுற்றி, அதற்கு மேல் ஒரு கைலேஞ்சி. வேர்வை பட்ட தாளைக் காசு மாற்றுகிற இடத்தில் தள்ளிவிடுவார்கள். செலவுக்கான இந்தியக் காசு வேறிடம், பஸ்ஸுக்கும் தேத்தண்ணிக்குமான சில்லறை தோள்பையில் எல்லாருக்கும் தெரிய. தாலிக்கொடி வீட்டில், கழுத்தில் கவரிங். “காசு இரிக்கிற இடம் உனக்கும் முருகனுக்கும் மட்டும் தெரிஞ்சாக் காணும் புள்ள.” இதையெல்லாம் அவ எந்தப் பயண நூலிலும் படித்ததில்லை. யுத்தம் நடந்த தொண்ணூறுகளில் இந்தக் கிழக்குக் கரையில் வாழ்ந்த அநேகமான குடும்பங்களில் கதவோரம் ஒரு பை தயாராக இருந்தது. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, நகை, ஒரு மாற்றுடுப்பு. சத்தம் கேட்டால் அதைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். மண்முனையில் பாலம் வருவதற்கு முந்தைய காலத்தில் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி வாவிக்கு அக்கரையில் உள்ள படுவான்கரைக்குப் போனவர்களும், சோதனைச் சாவடிகளில் வரிசையாக இறங்கி நடந்தவர்களும், எதை மேலே வைப்பது எதை அடியில் வைப்பது என்பதை அங்கேதான் கற்றார்கள். 2004 மார்கழிக் கடல் அந்தப் பைகளையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போன பிறகு, எதுவும் உடம்போடு ஒட்டியிருந்தால்தான் நமக்கு என்ற எண்ணம் இன்னும் இறுகிப்போனது. எங்கள் பயண அறிவு ஓடியவர்களின் அறிவு. ஒளிப்பது எப்படி என்று அதற்கு நன்றாகத் தெரியும். எப்போது பையைத் திறந்து செலவழிக்க வேண்டும் என்பது அதற்குத் தெரியாது.

மலிவாகப் போவதென்றால் உண்மையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மட்டக்களப்பிலிருந்து இரவு பஸ்ஸில் இருந்தபடியே நித்திரை, விடிய நீர்கொழும்புப் பக்கம், பகல் முழுக்கக் கட்டுநாயக்காவில் காத்திருப்பு. விலை குறைந்த விமானம் பலவேளை ஊரடங்கிய நேரத்தில்தான் சென்னையில் இறக்கிவிடும். அந்த நேரத்தில் முன்பணம் கட்டி எடுக்கிற டாக்சி கூடுதலென்று வெளியே வந்து பேரம் பேசி ஒரு ஓட்டோ. மிச்சம் பிடித்த காசு சில நூறு ரூபா. அதற்குப் பதிலாக அப்படி ஏறிய பெண் கொடுத்தது முன்பின் தெரியாத நகரத்தில், பெயர் பதியாத வண்டியில், முக்கால் மணித்தியாலம். யாரும் அதை விலை என்று எழுதுவதில்லை. கணக்குக் கொப்பியில் மிச்சம் என்றே விழுகிறது. விமான நிலையத்து நாற்காலியிலேயே வெளிச்சம் வரும்வரை இருந்துவிட்டுப் புறப்படுவது காசு செலவில்லாத நல்ல வழி. அதைச் சொல்லிக்கொடுக்கவும் எங்கள் வீடுகளில் ஆளில்லை, ஏனென்றால் வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கிற உறவினரைக் காக்க வைப்பது மரியாதையில்லை. பிறகு தங்குமிடம். தங்க வருகிற வெளிநாட்டவரின் விவரத்தை 24 மணித்தியாலத்துக்குள் அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும் என்பது இந்தியாவில் நெடுங்காலமாக உள்ள விதி. ‘சி’ படிவம் என்பார்கள். பாதுகாப்புக்காக வந்த விதிதான். ஆனால் அந்தக் கரைச்சலுக்கு அஞ்சும் சின்ன லொட்ஜுகள் வெளிநாட்டுக் கடவுச்சீட்டைக் கண்டதும் அறை இல்லை என்றுவிடுகின்றன. 1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு இலங்கைத் தமிழர் என்றால் கூடுதலாக ஒருதரம் ஏறிட்டுப் பார்க்கிற பழக்கம் தமிழ்நாட்டில் முழுக்க விட்டுப்போகவுமில்லை. மிஞ்சுவது இரண்டு வழி. படிவம் நிரப்பத் தெரிந்த பெரிய ஹொட்டேல், அல்லது யாரோ ஒருவருக்குத் தெரிந்தவரின் வீட்டு மாடியறை. காசில்லாதவர் மாடியறைக்குத்தான் போகிறார். அங்கே அவர் தங்கியதற்கு ஒரு பதிவுமில்லை; ஏதும் நடந்தால் அவர் எங்கே இருந்தார் என்று கேட்கவும் ஆளில்லை. நல்லவர்கள் வீடாக அமைந்துவிட்டால் ஹொட்டேலைவிட ஆயிரம் மடங்கு மேல், அதையும் மறுக்கமாட்டேன். வடபழனிப் பக்கத்து அப்படியொரு வீட்டில் இரவு இட்டலிக்கு மாவரைக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தபோது வந்த நிம்மதியை எந்த அறைவாடகையாலும் வாங்கியிருக்க முடியாது. ஆனால் அந்த நிம்மதி குருட்டாம்போக்கில் வாய்த்தது. அதை நம்பி இன்னொரு பெண்ணை அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை.

காசும் முன்னைப்போல் ஓரிடத்தில் நிற்பதில்லை. இந்தியா போய்வருகிறவர்கள் மிஞ்சிய தாள்களை மாற்றாமல் அடுத்த பயணத்துக்கென்று சாமியறைத் தட்டில் வைப்பார்கள், திருநீற்றுப் பெட்டிக்குக் கீழே, மணம் ஊறிப்போய்க் கிடக்கும். 2016 நவம்பர் 8ஆம் திகதி இரவு ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்தபோது இந்தியாவில் இருந்தவர்களாவது வங்கி வாசலில் வரிசையில் நின்றார்கள். கடலுக்கு இந்தப் பக்கம் தட்டில் கிடந்த தாளுக்கு வரிசைகூட இல்லை. அதற்குப் பதிலாக வந்த இரண்டாயிரத்தையும் 2023 மே மாதம் திரும்பப் பெறப்போவதாகச் சொன்னார்கள். இந்தப் பக்கத்துக் காசு இன்னும் மோசம். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் இருநூறு ரூபாவைச் சுற்றி நின்றது. மே மாதத்தில் 360ஐத் தாண்டிவிட்டது. பழனிக்கென்று சேர்த்த சீட்டுக்காசு தொடாமலே கிட்டத்தட்டப் பாதியாகத் தேய்ந்தது. பெட்டியில் வைத்துப் பூட்டியது பத்திரம் என்ற நம்பிக்கைக்கு அந்த இரண்டு மாதத்தில் விழுந்த அடி பெரியது. இப்போது போனால் இன்னொரு தினுசான தடை. சென்னையில் இளநீர்க்காரரும் பூக்காரியும் கட்டம்போட்ட கியூஆர் அட்டையைத்தான் நீட்டுகிறார்கள், போனில் படம்பிடித்து யூபிஐயில் காசனுப்பு என்று. அதற்கு இந்தியத் தொலைபேசி இலக்கமும் இந்திய வங்கிக் கணக்கும் வேண்டும். வெளிநாட்டவருக்கென்று தனி ஏற்பாடு தொடங்கியிருக்கிறார்கள்தான். அது பெரியம்மாவின் போனுக்கு வந்துசேர்வதற்குள் அவவின் யாத்திரை முடிந்துவிடும். 2024 பெப்ரவரியிலிருந்து இந்தியச் சுற்றுலாக்காரர் இலங்கைக் கடைகளில் தங்கள் யூபிஐயால் கட்டலாம். பாசிக்குடாவுக்கு வருகிறவர் வெறுங்கையோடு நடமாட, மயிலாப்பூருக்குப் போகிற எங்கள் ஆள் நாலு இடத்தில் நோட்டைச் செருகிக்கொண்டு நடக்கிறார். வங்கி அட்டை இருக்கிறவர்கள் புறப்பட முன்னமே அதை வெளிநாட்டுக்குத் திறந்துவிடச் சொல்லி வங்கியில் கேட்டுக்கொள்ளட்டும். அங்கே இயந்திரம் இலங்கை ரூபாவில் கணக்கிடவா, இந்திய ரூபாவிலா என்று கேட்டால் இந்திய ரூபா என்றே அழுத்தட்டும். சொந்த நாட்டுக் காசைக் கண்ட சந்தோசத்தில் மற்றதை அழுத்துகிறவர் பெரும்பாலும் மோசமான மாற்றுவிகிதத்தில் இழக்கிறார். கொழும்பில் ஒருவரிடம் ரூபாவைக் கொடுத்துவிட்டுச் சென்னையில் இன்னொருவரிடம் வாங்குகிற உண்டியல் வழியையும் பலர் சொல்வார்கள். சட்டத்துக்கு வெளியே நடப்பது, துண்டுச்சீட்டும் கிடையாது. அந்த வழியில் ஏமாந்தவர் பொலிசுக்கும் போகமுடியாமல் வீட்டுக்கும் சொல்லமுடியாமல் இருப்பார்.

கோயிலுக்குப் போகிறவர்களைப் பற்றி மட்டும் எழுதிவிட்டு நிறுத்தினால் பாதியை மறைத்ததாகிவிடும். இந்தக் கரையிலிருந்து மிகக் குறைந்த காசோடு மிக நீண்ட தூரம் போனவர்கள் மத்திய கிழக்குக்குப் போன பெண்கள். மட்டக்களப்பில் வீடு மகளுக்கு. சீதன வீடு கட்டாமல் கலியாணப் பேச்சு தொடங்காது. அந்த வீட்டின் கல்லும் சீமெந்தும் பல குடும்பங்களில் தாயின் குவைத்துச் சம்பளம். டிக்கற்றை ஏஜென்சி போடும், கையில் சில ஆயிரம் ரூபா, போன உடனே கடவுச்சீட்டை எசமானர் வாங்கி வைத்துக்கொள்வார். அந்தப் பயணத்தில் ஒளித்துவைக்க மடியில் ஒன்றுமே இல்லை; உழைத்ததை அந்தந்த மாதமே ஊருக்கு அனுப்பிவிடுவதுதான் ஒரே பாதுகாப்பு. 1990 ஆகஸ்ட் 2ஆம் திகதி ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோது சம்பள நிலுவையோடு அகப்பட்ட ஆயிரக்கணக்கான இலங்கைப் பெண்கள் பாலைவனத்தைக் கடந்து ஜோர்தான் எல்லையில் கிடந்தார்கள். அதே ஆகஸ்டில் இங்கே அவர்களுடைய பிள்ளைகளும் ஓடிக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு மேலே எழுத வருவதில்லை. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985இலிருந்து இருக்கிறது. அதில் பதிந்து போனால் காப்புறுதி உண்டு, முறையிட ஒரு கதவு உண்டு. 2005இல் மூதூரிலிருந்து சவூதிக்குப் போன ரிசானா நபீக்கின் கடவுச்சீட்டில் வயதைக் கூட்டி எழுதியிருந்தார்கள். வேலைசெய்த வீட்டுக் குழந்தையின் சாவுக்காக 2013 ஜனவரி 9ஆம் திகதி அவருக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. அதற்குப் பிறகு அரசாங்கம் வயதெல்லையை உயர்த்தியது, சின்னப் பிள்ளைகளின் தாய்மாரைத் தடுத்தது. தேவை குறையாமல் கதவை மட்டும் ஒடுக்கினால் ஆட்கள் பக்கத்து இடைவெளியால்தான் போவார்கள். அந்த இடைவெளிக்கு விசிட் விசா என்று பெயர். சுற்றிப்பார்க்க என்று முத்திரை குத்திக்கொண்டு போனவருக்குப் பதிவுமில்லை, காப்புறுதியுமில்லை. 2022 கடைசியில் ஓமானுக்கு அப்படிக் கூட்டிப்போகப்பட்ட பெண்களை வீட்டு வேலைக்கு விலைபேசினார்கள் என்று செய்தி வந்தது. அடுத்த சில காலத்தில் மியன்மாரின் மியாவதி முகாம்களில் கணினி மோசடி வேலைக்கு அடைத்துவைக்கப்பட்ட இலங்கை இளைஞர்கள் பலரும் சுற்றுலா விசாவோடுதான் புறப்பட்டிருந்தார்கள். கையில் காசில்லாத ஒருவருக்கு யாராவது டிக்கற்றும் விசாவும் இலவசமாகப் போட்டுத்தந்தால், அந்தப் பயணத்தின் செலவை வேறெங்கோ அவரிடமிருந்தே எடுக்கப்போகிறார்கள் என்று நான் இப்போது வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்கிறவர்களுக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டேதான் போகிறார்கள்.

காசில்லாமல் பத்திரமாகப் போகவே முடியாதா என்று கேட்டால், எங்கள் ஊர் ஆட்கள் கதிர்காமத்தைக் காட்டுவார்கள். ஆடிவேல் காலத்தில் வேல் தாங்கிய சாமிக்குப் பின்னால் கிழக்குக் கரை நெடுக நடந்து, திருக்கோவில், பொத்துவில், உகந்தமலை தாண்டிக் குமண, யால காட்டுக்குள் இறங்குகிற பாதயாத்திரை. தலைச்சுமையில் அரிசி, பருப்பு, புளி, ஒரு சாறன், ஒரு போர்வை; கருவாடு கிடையாது. ஊருக்கு ஊர் அன்னதானம். ஒருவரையொருவர் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். காட்டில் யானைக்குப் பயந்து இரவில் தீமூட்டிச் சுற்றிப் படுப்பார்கள். வயதானவர்களும் பெண்களும் நடுவில். ஒருவர் காலில் கொப்புளம் என்றால் கூட்டம் முழுக்க நடை குறையும். மடியில் கனமில்லை, பயமும் இல்லை, பழமொழி சொல்வது அங்கே அச்சொட்டாக நடக்கிறது. அதைச் சாத்தியமாக்குவது வழிநெடுகச் சோறு போடுகிற ஊர்களும், நடுவில் படுக்கவைக்கிற கூட்டமும். வெளிநாட்டுக்குப் போகும்போது அந்த ஊர்களைக் கொண்டுபோக முடியாது. கூட்டத்தைக் கொண்டுபோகலாம் என்று நினைத்துத்தான் இந்திய யாத்திரைக் குழுக்கள் கிளம்பின. ஒருவர் காசு சேர்த்து, டிக்கற் எடுத்து, வண்டி பிடித்து, சமையல்காரரோடு கூட்டிப்போகிறார். வயதான பெண்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை என்றே சொல்வேன். என்றாலும் விமானத்தால் இறங்கியதும் பத்திரம் பத்திரம் என்று எல்லாருடைய கடவுச்சீட்டையும் வாங்கித் தன் பையில் போட்டுக்கொள்கிற குழுத்தலைவரைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைப் பிசையும். மனிதர் நல்லவர், ஒருதரமும் தொலைத்ததில்லை. ஆனாலும் திருவண்ணாமலைக் கூட்டத்தில் வழிதவறிய ஒரு பெண்ணின் கையில் தான் யாரென்று காட்ட ஒரு தாள்கூட இராது. கடவுச்சீட்டுத் தொலைந்தால் முதலில் பொலிசில் முறைப்பாடு, பிறகு சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் தற்காலிகப் பயணப் பத்திரம், அதன்பிறகு வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் நாட்டைவிட்டுப் போக அனுமதி. இத்தனைக்கும் நாட்கள் போகும், அந்த நாட்களில் கடவுச்சீட்டு இல்லாதவருக்கு எந்த லொட்ஜும் அறை தராது. முகப்புப் பக்கமும் விசாவும் போட்டோக்கொப்பி எடுத்து, பின்பக்கம் குழுத்தலைவரின் இலக்கத்தையும் தங்குமிட விலாசத்தையும் எழுதி, ஒவ்வொருவர் இடுப்புப் பையிலும் வைக்க எத்தனை ரூபா செலவு?

பெரியம்மாவோடு இதைப் பற்றிச் சண்டைபிடித்திருக்கிறேன். அவ ஒவ்வொருமுறையும் கொண்டுபோன காசில் கால்வாசியையாவது தொடாமல் கொண்டுவந்து மேசையில் வைப்பா, முகமெல்லாம் பெருமை. அந்தக் கால்வாசிக்காக ஒரு பகல் முழுக்கப் பட்டினியாக வரிசையில் நின்றதும், முழங்கால் வீங்கினபோது டொக்டரிடம் போகாமல் தைலம் பூசிக்கொண்டு படுத்ததும் பிறகு மற்றவர்கள் வாயால்தான் வெளிவரும். “மறுகா காசு முடிஞ்சா ஆரு புள்ள அனுப்புவா?” என்பதுதான் அவவின் பதில். அதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. அவசரத்துக்கு அனுப்ப ஆள் உண்டு என்று தெரியாத ஒருவருக்குச் செலவழி என்று புத்தி சொல்வது லேசு. அதனால் இப்போது ஊரில் வேறொன்றைப் பேசிப்பார்க்கிறேன். எங்களிடம் மரணாதாரச் சங்கம் இருக்கிறது. மாதம் ஒரு சின்னத் தொகை கட்டுகிறோம்; ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பந்தலும் கதிரையும் சவப்பெட்டியும் கேட்காமலே வந்து நிற்கும், கைச்செலவுக்குக் காசும் வரும். கணக்கு ஆண்டுக்கூட்டத்தில் வாசிக்கப்படும், சந்தேகம் உள்ளவர் எழும்பிக் கேட்பார். செத்தவருக்கு இவ்வளவு ஒழுங்காகச் செய்யத் தெரிந்த ஊர், வழியில் இருக்கிற உயிருள்ள ஆளுக்கும் அப்படியொன்று வைக்கலாம். போகிறவர் பெயர், கடவுச்சீட்டுப் பிரதி, தங்குமிடம், திரும்புகிற திகதி எல்லாம் ஒரு கொப்பியில். முதல் இரவுக்கு நல்ல அறை, ஒரு டொக்டர், திரும்பிவர ஒரு டிக்கற், இந்த மூன்றுக்கும் மட்டும் சங்கம் பொறுப்பு. திருப்பிக் கட்டுவது ஊருக்கு வந்த பிறகு தவணையாக. கூட்டத்தில் இதைச் சொன்னபோது எழுந்த கேள்விகள் எல்லாம் நியாயமானவை. விசிட் விசாவில் வேலைக்குப் போகிறவர் உண்மையான விலாசம் தருவாரா? நடுச்சாமத்தில் காசை அங்கே யார் மூலம் சேர்ப்பது, வங்கி திறக்கும்வரை என்ன செய்வது? இன்னும் ஒருமுறை ரூபா சரிந்தால் சங்கக் காசு எத்தனை டொலருக்குக் காணும்? பொருளாளர் மட்டும் கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, காப்புறுதிக் கம்பனிகள் பயணக் காப்புறுதியைக் குழுவாக எடுத்தால் விலை குறைப்பார்களா என்று மட்டக்களப்பில் விசாரித்துவருகிறேன் என்றார். அடுத்த கூட்டம் கந்தசுவாமி கோயில் திருவிழா முடிந்த பிறகு. அதற்குள் போட்டோக்கொப்பி விசயத்தையாவது யாத்திரைக் குழுவோடு பேசி முடித்துவிட வேண்டும்.